பானை ஏன் காலியாகவில்லை

வேலைக்குச் சேர்ந்த நான்காம் நாளே நப்ராக்கா என் வகுப்பு வாசலில் வந்து நின்றுகொண்டு, "வாத்தியாரே, இங்க படிக்கிறது புள்ளைங்களா, ஒட்டகங்களா?" என்று கேட்டாள்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் வகுப்பில் பாடம் நடக்கும்போது யாரும் பேசக் கூடாது, யாரும் எழுந்து வெளியே போகக் கூடாது. ஒன்பது வருஷமாக அப்படித்தான் நடத்தி வந்தேன். நைலின் மேற்குக் கரையில், அஸ்வானுக்கு எதிரே இருக்கும் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் 'கைரி வாத்தியார் வகுப்பு' என்றால் ஈ கூடக் கேட்டுவிட்டுத்தான் பறக்கும் என்று மற்ற ஆசிரியர்கள் சொல்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"என்ன விஷயம்க்கா?" என்றேன்.

"முற்றத்துல நாலு பானை வச்சிருக்கு. விடியக்காலம் ஆறரைக்கு நாலையும் வழிய வழிய நிரப்புறேன். இப்ப மணி பன்னெண்டு. மூடியைத் திறந்து பார்த்தா நாலு விரக்கட கூடக் குறையல. அந்த நாலு விரக்கடையும் பானை வேர்த்தது. நூத்திப் பத்துப் புள்ளைங்க இருக்காங்க, வெயிலு நாப்பத்திரண்டு. யாருமே தண்ணி குடிக்கலையா?"

"வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருவாங்க."

"பாட்டிலையும் பார்த்துட்டேன். ஆம்பளப் பசங்க பாட்டில் காலி. பொம்பளப் புள்ளைங்க பாட்டில் எல்லாம் கழுத்து வரைக்கும் அப்படியே இருக்கு."

"தாகம் எடுத்தா குடிப்பாங்க. நீங்க மணி அடிக்கிற வேலையைப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினேன். அவள் போகவில்லை. முன் வரிசையில் இருந்த ரீஹாமின் முகத்தையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பெருமூச்சு விட்டுவிட்டுப் போனாள்.

நப்ராக்காவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. இந்த ஊரில்தான் பிறந்தாள். கல்யாணம் ஆனதும் புருஷன் ஷாஸ்லியோடு கெய்ரோவுக்குப் போனாள். அங்கே ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் ஷாஸ்லி காவலாளி. மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறையில் பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தி, மூன்று பிள்ளைகளை வளர்த்துவிட்டு, இரண்டு பேரும் ஊர் திரும்பினார்கள். ஷாஸ்லி ஒரு பழைய மோட்டார் படகை வாங்கி அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆள் ஏற்றினார். நப்ராக்கா எங்கள் பள்ளியில் கூட்டுவது, பெருக்குவது, மணி அடிப்பது, பானை நிரப்புவது என்று சேர்ந்தாள்.

கெய்ரோவில் இருந்தபோது அவளுடைய கடைக்குட்டிக்கு, ஒரு வயதுகூட ஆகாத பையனுக்கு, வாந்தியும் பேதியுமாகப் போயிருக்கிறது. கண் குழி விழுந்துவிட்டது. உச்சந்தலை பள்ளமாகிவிட்டது. அழுதால் கண்ணீர் வரவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸ் ஒரு டம்ளர் உப்புச் சர்க்கரைக் கரைசலையும் ஒரு சின்னக் கரண்டியையும் கையில் கொடுத்து, "கரண்டி கரண்டியா ஊட்டு. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் பொறு, திரும்பவும் ஊட்டு. நிறுத்தாதே" என்று சொல்லியிருக்கிறாள். இரண்டு நாள் ஊட்டினாளாம். மூன்றாம் நாள் காலையில் பையன் அழுதபோது கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் உருண்டது. "என் புள்ள அழுததைப் பார்த்து நான் சிரிச்சது அன்னிக்கு ஒரு நாள்தான்" என்பாள். அந்தப் பையன் இப்போது கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். சுற்றுலாக் கப்பல் ஒன்றில் சமையல்காரன்.

அதிலிருந்து எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் முதலில் உதட்டைத்தான் பார்ப்பாள். உதடு காய்ந்திருந்தால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது.

இரண்டாவது வாரம் திங்கட்கிழமை, காலைக் கொடி வணக்கத்தின்போது ரீஹாம் மயங்கி விழுந்தாள். நின்றுகொண்டிருந்த பிள்ளை, துணி நழுவுவதுபோலச் சரிந்தாள். எல்லோருக்கும் முன்னால் ஓடியது நப்ராக்காதான். நிழலுக்குத் தூக்கிப் போய், தலைத்துணியின் முனையை நனைத்துக் கழுத்தைத் துடைத்து, ஊர் மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோனோம். குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டர் வெளியே வந்து, "பல நாளா பகல்ல இந்தப் பொண்ணு தண்ணியே குடிக்கிறது இல்லையாம், நேத்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு சொட்டுக்கூட இல்ல. வேற ஒண்ணும் இல்ல. தண்ணி, அவ்வளவுதான்" என்றார்.

மறுநாள் தலைமையாசிரியை இன்ஷிராஹ் மேடம் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து அரை மணி நேரம் பேசினார். தண்ணீர் குடிக்க வேண்டும், உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், குடிக்காதவர்கள் கைதூக்குங்கள் என்றெல்லாம் கேட்டார். யாரும் தூக்கவில்லை. நான் பெரிய அட்டையில் ஒரு குழந்தைப் படம் போட்டு, பக்கத்தில் ஆறு டம்ளர் வரைந்து, முற்றத்து வாகை மரத்தில் மாட்டினேன். ஒரு டம்ளருக்கு இத்தனை மில்லி, ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு என்று கணக்கும் எழுதினேன். பிள்ளைகள் கணக்கைச் சரியாகப் போட்டார்கள். பானை அப்படியே இருந்தது.

நப்ராக்கா தன் வழியில் இறங்கினாள். முதலில் பானைகளைத் தேய்த்துக் கழுவி, மூடியில் வெள்ளைத் துணி கட்டினாள். ஒரு பானையில் புதினா போட்டாள். ஒன்றில் எலுமிச்சைத் தோல். ஒன்றுக்கு வாசனைப் பிசின் புகை காட்டினாள். நான்காவதில், வீட்டிலிருந்து கர்கதே என்ற புளிச்சைப் பூவை ஊறவைத்து, லேசாகச் சர்க்கரை போட்டுச் சிவப்புச் சர்பத்தாக ஊற்றினாள். அந்தப் பானையைப் பையன்கள் ஒரே இடைவேளையில் காலி செய்தார்கள். சட்டையெல்லாம் சிவப்பு. மறுநாள் நான்கு அம்மாக்கள் சண்டைக்கு வந்தார்கள்.

பெண் பிள்ளைகளோ ஒரு வாய் குடித்து, "ரொம்ப நல்லா இருக்கு அத்தை" என்று சொல்லிவிட்டு, மரியாதையாக டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் அவள் இன்னொரு வேலை செய்தாள். மணி அடித்ததும் வாசலில் நின்றுகொண்டு, வீட்டுக்குப் போகும் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பிடித்து, "நீ ஒண்ணுக்குப் போனா என்ன நிறம்? டீ நிறமா, மாம்பழ ஜூஸா, எலுமிச்சைத் தண்ணியா?" என்று கேட்க ஆரம்பித்தாள். பையன்களுக்குக் கொண்டாட்டம். "அத்தை, நான் எலுமிச்சை", "அத்தை, இவன் டீ, ரெண்டு நாளாவே டீதான்" என்று தெருவரைக்கும் கத்திக்கொண்டு போனார்கள். ஸியாத் என்ற ஒருவன், எங்கள் ஊர் இமாமை வழியில் பார்த்து, "நீங்க என்ன நிறம்?" என்று கேட்டுவிட்டான்.

இன்ஷிராஹ் மேடம் அவளைக் கூப்பிட்டார். நானும் அறையில் இருந்தேன்.

"நப்ரா, இது பள்ளிக்கூடம். மூத்திரத்தைப் பத்தி எல்லாம் வாசல்ல நின்னு பேசலாமா?"

"வேற எங்க நின்னு பேசட்டும் மேடம், சொல்லுங்க, அங்க நின்னு பேசுறேன்."

"பேசவே வேண்டாம்."

"சரி மேடம்" என்றாள். அறை வாசலைத் தாண்டியதும் எனக்கு மட்டும் கேட்கும்படி, "இமாம் மாம்பழ ஜூஸாம். தானா வந்து சொன்னாரு" என்றாள். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

காரணம் வெளியே வந்தது இரண்டாம் வகுப்புப் பஸ்மலாவால். ஒரு நாள் இடைவேளையில் அந்தக் குட்டிப் பெண் பானைப் பக்கமாக நின்று, மூடித்துணியை மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது. நப்ராக்கா பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். தண்ணீர் குடி என்று சொல்லவில்லை.

"என்னடி செல்லம், வாசனை பிடிச்சிருக்கா?"

"ம்."

"குடிக்கத் தோணுதா?"

"தோணுது."

"அப்புறம் ஏன் குடிக்கல?"

பஸ்மலா சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு அவள் காதில் சொன்னாள். "குடிச்சா வரும் அத்தை. வந்தா அங்க போகணும். அங்க தாழ்ப்பாள் இல்ல. பசங்க கதவைத் தள்ளிடுவாங்க. ரீஹாம் அக்கா உள்ள இருக்கும்போது ஒரு தடவை தள்ளிட்டாங்க. அதுல இருந்து யாருமே போறது இல்ல."

"வகுப்பு நடக்கும்போது, பசங்க வெளிய இல்லாதப்ப போகலாமே?"

"எந்த வாத்தியாரும் விட மாட்டாங்க. கைரி வாத்தியார் விடவே மாட்டாராம்."

நப்ராக்கா அப்படியே எழுந்து வந்தாள். இந்த முறை என் வகுப்பு வாசலில் நிற்கவில்லை. உள்ளேயே வந்து, என்னை வெளியே கூப்பிட்டாள். பஸ்மலா சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னாள். நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். "இருங்க வாத்தியாரே. வாங்க, பார்ப்போம்" என்று கழிப்பறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

மூன்று அறைகள். ஒன்று பையன்களுக்கு. ஒன்று பெண்களுக்கு, அதன் கதவு பாதி தொங்கிக்கொண்டிருந்தது, தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டை. மூன்றாவது பூட்டியிருந்தது. அது ஆசிரியர்களுக்கு. சாவி என் சாவிக்கொத்தில். ஒன்பது வருஷமாக நான் அந்த வழியாகத்தான் போய் வருகிறேன். அந்தக் கதவை நான் பார்த்ததே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஆறு டம்ளர் வரைஞ்சீங்களே வாத்தியாரே. ஒரு தாழ்ப்பாள் வரைஞ்சிருக்கலாம்ல?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

இரண்டு பேரும் இன்ஷிராஹ் மேடத்திடம் போனோம். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பகல் பதினொன்றானால் அவருக்குத் தலைவலி வந்துவிடும், மாத்திரை போடுவார், எல்லோருக்கும் தெரியும்.

நப்ராக்கா விஷயத்துக்கு வராமல், "மேடம், காலையில இருந்து நீங்க எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"வீட்டுக்குப் போய்க் குடிப்பேன்."

"ஏன் மேடம் வீட்டுக்குப் போய்?"

மேடம் அவளைப் பார்த்தார். பிறகு என்னையும் என் கையிலிருந்த சாவிக்கொத்தையும் பார்த்தார். "கைரி, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார்.

நான் வெளியே நின்றேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு நப்ராக்காவின் குரல், "பதினோரு வருஷமாவா?" என்றது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. இன்ஷிராஹ் மேடம் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. கதவு திறந்தபோது மேடத்தின் கண்ணெல்லாம் ஈரம். "மேலிடத்துக்கு எழுதுறேன்" என்றார். "ஆனா அது வர நாளாகும். வர்ற வரைக்கும்..."

"வர்ற வரைக்கும் என் வீட்டுக்காரர் இருக்காரு" என்றாள் நப்ராக்கா.

ஷாஸ்லி வந்தார். கெட்டியான மனிதர், பேச்சு குறைவு. உடைத்துப்போட்ட பழைய படகு ஒன்றின் அறைக் கதவிலிருந்து கழற்றிய பித்தளைத் தாழ்ப்பாள்கள் அவரிடம் இருந்தன. கதவை நிமிர்த்தி, கீலை மாற்றி, தாழ்ப்பாளைத் தன் மார்பு உயரத்துக்கு வைத்துப் பென்சிலால் கோடு போட்டார்.

"என்னய்யா, யாருக்கு வைக்கிற? உனக்கா?" என்றாள் நப்ராக்கா.

"கதவுன்னா இங்கதான் வைப்பாங்க."

"பஸ்மலா, இங்க வாடி."

பஸ்மலா வந்து கதவோரம் நின்றாள். "கையை நீட்டு. எக்காதே. சும்மா நீட்டு." அவள் கை தொட்ட இடத்தில் ஷாஸ்லி புதிதாகக் கோடு போட்டார். தாழ்ப்பாள் பொருத்தி முடிந்ததும் பஸ்மலா உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள். டக் என்று சத்தம். திறந்தாள். மறுபடி சாத்தினாள். டக். பதினைந்து இருபது தடவை சாத்தித் திறந்திருப்பாள். ஷாஸ்லி வெளியிலிருந்து தோளால் தள்ளிப் பார்த்தார். கதவு அசையவில்லை. உள்ளேயிருந்து "முடியாது, முடியாது" என்று பாட்டுப் பாடுவதுபோல ஒரு குரல் வந்தது.

அடுத்து ஆசிரியர்களின் கழிப்பறைச் சாவியைக் கேட்டாள். "அதையும் பொம்பளப் புள்ளைங்களுக்குக் குடுத்துடுவோம். அறுபது பேருக்கு ஒண்ணு எப்படிப் பத்தும்?"

"அப்ப நாங்க எங்க போறது?"

"பசங்க பக்கம் வரிசையில நில்லுங்க."

"மேடம்?"

"மேடம் புள்ளைங்களோட நிப்பாங்க. கேட்டாச்சு."

நான் சாவியைக் கழற்றிக் கொடுத்தேன். மனசு வராமல்தான் கொடுத்தேன். அதை மறைக்க முடியாது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஊர்ப் பெண்கள் வாளியும் துடைப்பமுமாக வந்தார்கள். கழுவினார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள். சுண்ணாம்பு காய்ந்ததும் அவர்களால் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் ஊரில் ஒரு சுவரை வெறும் வெள்ளையாக விட்டால் யாரோ செத்த வீடு மாதிரி இருக்கும் என்பார்கள். நீலம் வந்தது, மஞ்சள் வந்தது. நிலவைச் சுற்றி நட்சத்திரம், பேரீச்சை மரம், பாய்மரப் படகு. பையன்கள் பக்கத்துச் சுவரில் வாயைப் பிளந்த ஒரு முதலை. "கதவைத் தள்ளுனா கடிக்கும்" என்று அதன் கீழே ரீஹாமின் அம்மாவே எழுதினாள்.

சனிக்கிழமை காலையில் ஆற்றில் போன ஒரு படகிலிருந்து வெளிநாட்டுத் தம்பதியர் இறங்கி, கேமராவோடு நேராகப் பள்ளிக்குள் வந்துவிட்டார்கள். சுவர்ப் படங்களைப் பார்த்து விருந்தினர் விடுதி என்று நினைத்துவிட்டார்கள். அறை வாடகைக்குக் கிடைக்குமா என்று ஷாஸ்லியிடம் கேட்டார்கள். ஷாஸ்லி அவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இடமெல்லாம் நிறைந்துவிட்டது, உள்ளே அறுபது பெண்கள் என்று சொல்லி அனுப்பினார். சாயங்காலம் அவர் அதைச் சொல்லிக் காட்டியபோது நப்ராக்கா சிரித்துச் சிரித்து, விக்கல் வந்து, தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று.

வெள்ளி, சனி விடுமுறை முடிந்து ஞாயிற்றுக்கிழமை பள்ளி திறந்தது. முதல் இடைவேளையில் பெண்கள் வரிசையாகப் போய்ப் பார்த்தார்கள். ஒவ்வொருத்தியும் தாழ்ப்பாளை ஒரு முறை போட்டுப் பார்த்தாள். முற்றம் முழுக்க டக், டக், டக். பிறகு பானைப் பக்கம் திரும்பினார்கள். பத்து மணிக்கு இரண்டு பானை காலி. பன்னிரண்டுக்கு நான்கும் காலி. நப்ராக்கா ஒரு பானைக்குள் தலையை விட்டு, "ஒண்ணுமில்ல" என்று சொன்னாள். உள்ளேயிருந்து எதிரொலியும் "ஒண்ணுமில்ல" என்றது. அவள் தலையை வெளியே எடுக்கவே இல்லை. மறுபடி மறுபடி அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனால் என் வகுப்பில் சிக்கல் தொடங்கியது. முன்பெல்லாம் சிலைபோல உட்கார்ந்திருந்த பிள்ளைகள், இப்போது பத்து நிமிஷத்துக்கு ஒருவர் கைதூக்கினார்கள். "சார், போகணும்." நான் "இடைவேளையில போ" என்றேன். அவர்கள் தொடையை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வாரத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் மறுபடி தண்ணீரைக் குறைத்துவிட்டார்கள்.

நப்ராக்கா இரண்டு பலகைத் துண்டுகளைக் கொண்டுவந்தாள். கை அகலம் இருக்கும். ஒன்று நீலம், ஒன்று மஞ்சள், மாட்ட ஒரு கயிறு. "இதை உங்க கதவுல மாட்டுங்க வாத்தியாரே. போகணும்னா கேட்க வேண்டாம், கட்டையை எடுத்துக்கிட்டுப் போகட்டும். வந்து மாட்டட்டும். கட்டை இல்லைன்னா காத்திருக்கட்டும். மத்த வகுப்புல எல்லாம் மாட்டியாச்சு."

"என் வகுப்பு சந்தை இல்லக்கா."

"சந்தையில கூட ஒண்ணுக்குப் போக விடுவாங்க."

நான் கட்டைகளை மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன். மற்ற வகுப்புகளில் அது சுமுகமாக நடந்தது. என் பிடிவாதம் மட்டும் நவம்பர் வரை நின்றது.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, கரும்பலகையில் நீள்வகுத்தல் எழுதிக்கொண்டிருந்தேன். இடுப்புக்குப் பின்னால் யாரோ கத்தியைச் செருகித் திருகியதுபோல இருந்தது. சாக்பீஸ் கீழே விழுந்தது. நானும் விழுந்தேன். பிள்ளைகள் முதலில் நான் ஏதோ நடித்துக் காட்டுகிறேன் என்று நினைத்தார்களாம். நான் தரையில் புரண்டபோதுதான் ரீஹாம் எழுந்தாள். யாரையும் கேட்கவில்லை, கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். நப்ராக்காவோடு திரும்பி வந்தாள்.

ஷாஸ்லியின் படகில் என்னைக் கிடத்தி அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் படகின் பலகையைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். நப்ராக்கா தலைமாட்டில் உட்கார்ந்து, என் முகத்துக்கு மேலே துணியால் நிழல் பிடித்தாள்.

"வாத்தியாரே."

"ம்ம்."

"என்ன நிறம்?"

"அக்கா, இப்பப் போயி..."

"சொல்லுங்க."

"டீ" என்றேன். பிறகு உண்மையையே சொல்லிவிடலாம் என்று, "கருப்பு டீ" என்றேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணி?"

யோசித்தேன். டீ ஏழெட்டு குடிப்பேன். தண்ணீர் என்று தனியாக... "சாப்பிடும்போது ஒண்ணு" என்றேன்.

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். ஷாஸ்லி ஆற்றைப் பார்த்துக்கொண்டு தோளைக் குலுக்கினார். இரண்டு பேரும் சிரிக்காமல் இருக்க எவ்வளவு முயன்றார்கள் என்பது படுத்துக்கிடந்த எனக்கு நன்றாகவே தெரிந்தது. வலிக்கு நடுவில் எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் இன்னும் வலித்தது.

சிறுநீரகத்தில் கல். பருப்பு அளவுதான், தானே இறங்கிவிடும், தண்ணீர் குடியுங்கள் என்றார் டாக்டர். ஊசி போட்டார். நான்காம் நாள் கல் வெளியே வந்தது. எட்டாம் நாள் பள்ளிக்குப் போனேன்.

என் மேசைமேல் ஒரு கூஜா இருந்தது. பக்கத்தில் ஒரு டம்ளர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"இது யார் வச்சது?"

ரீஹாம் எழுந்தாள். "நாங்கதான் சார். இடைவேளைக்குள்ள கூஜா பாதி ஆகணும். நப்ரா அத்தை சொல்லியிருக்காங்க. நாங்க பார்த்துக்கிறோம்னு சொல்லிட்டோம்."

நான் ஒரு கணக்கு எழுதிவிட்டுத் திரும்பினால் முப்பத்திரண்டு ஜோடிக் கண்கள் கூஜாவைப் பார்க்கும். நான் ஒரு டம்ளர் குடிப்பேன். இன்னொரு கணக்கு. இன்னொரு டம்ளர். மூன்றாவது டம்ளர் முடிந்து கால்மணி நேரத்தில் எனக்கு நிலைகொள்ளவில்லை. பெருக்கல் தப்பாக வந்தது. ஸியாத் எழுந்து, மிகவும் பணிவாக, "சார், இடைவேளைக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு" என்றான்.

நான் மேசை இழுப்பறையைத் திறந்தேன். நீலக் கட்டையை எடுத்தேன். மஞ்சளைக் கதவில் ஆணியடித்து மாட்டக்கூட நேரமில்லை, ஸியாத் கையில் கொடுத்துவிட்டு வெளியே நடந்தேன். பின்னால் வகுப்பே கைதட்டியது. நான் அதைத் தடுக்கவில்லை.

பையன்கள் பக்கம் வரிசை இருந்தது. நான் கடைசியில் போய் நின்றேன். எதிர்ப்பக்கம் கையில் கட்டையோடு நின்ற பஸ்மலா என்னைப் பார்த்தாள். கையிலிருந்த நீலக் கட்டையைப் பார்த்தாள். பிறகு எனக்கு முன்னால் நின்ற நான்காம் வகுப்புப் பையனிடம், "டேய், வாத்தியாருக்கு அவசரம் போல. விடு" என்றாள். அவன் விட்டான்.

அடுத்த வருஷம் ஏப்ரலிலேயே காற்று அடுப்பு வாய்போல வீச ஆரம்பித்துவிட்டது. மணல் பறந்தது. நப்ராக்கா பானை நிரப்ப ஒரு நாளைக்கு மூன்று முறை தண்ணீர் தூக்க வேண்டியிருந்தது. "தோள்பட்டை கழண்டு விழுது, எல்லாம் நானா தேடிக்கிட்ட வினை" என்று திட்டிக்கொண்டே தூக்குவாள். பிறகு நாங்கள் ஒரு குழாய் இழுத்துப் பானைவரை கொண்டுவந்தோம். மே மாதத்தில் நாற்பத்தைந்தைத் தொட்டது. கொடி வணக்கத்தில் ஒருவர்கூட விழவில்லை. இன்ஷிராஹ் மேடத்தின் மாத்திரை அட்டை மேசையிலேயே கிடந்து, ஒரு நாள் குப்பைக்குப் போனது. எந்நேரமும் கையில் ஒரு டம்ளரோடுதான் அவரைப் பார்க்க முடியும்.

அம்மாக்களுக்கு மட்டும் புதிதாக ஒரு தொல்லை. பிள்ளைகள் எந்த உறவுக்காரர் வீட்டுக்குப் போனாலும் முதலில் கழிப்பறைக் கதவைப் போய்ச் சாத்திப் பார்க்கிறார்களாம். ஒரு கல்யாண வீட்டில் பஸ்மலா, மாப்பிள்ளையின் அத்தையிடமே, "உங்க வீட்டுத் தாழ்ப்பாள் சரியில்ல, அதான் உங்க உதடு காஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

பேச்சு ஆற்றைத் தாண்டிப் போயிற்று. கோடை விடுமுறைக்கு முன்னால் அக்கரைப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர் ஆள் அனுப்பினார். எங்கள் பிள்ளைகளும் தண்ணீர் குடிப்பதில்லை, அந்தப் புதினாப் பானை வைப்பது எப்படி என்று உங்கள் நப்ரா வந்து சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். நானும் கூடப் போனேன். நப்ராக்கா கல்யாணத்துக்குப் போவதுபோல உடுத்திக்கொண்டு வந்தாள்.

அங்கே தலைமையாசிரியர் நல்ல மரியாதை செய்தார். நாற்காலி போட்டார். டீ வந்தது. ஆசிரியைகள் நாலைந்து பேர் சுவரோரம் வந்து நின்றார்கள். அவர் ஒரு நோட்டைத் திறந்து, பேனாவை எடுத்து, "சொல்லுங்கம்மா, ஒரு பானைக்கு எத்தனை கைப்பிடி புதினா?" என்றார்.

"அது கிடக்கட்டும் சார். பொம்பளப் புள்ளைங்க பாத்ரூம் எங்க இருக்கு?"

அவர் கொஞ்சம் தடுமாறி, கையால் திசை காட்டினார். நப்ராக்கா எழுந்து போனாள். போன வேகத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தாள். டீயைத் தள்ளி வைத்தாள்.

"சார், புதினா நீங்க எத்தனை கைப்பிடி வேணாலும் போடுங்க. இங்க ஒரு புள்ளயும் குடிக்காது."

தலைமையாசிரியரின் காது சிவந்தது. அவர் பதில் சொல்லும் முன், சுவரோரம் நின்றவர்களில் வயதில் சின்ன ஆசிரியை ஒருத்தி, "நானும் குடிக்கிறது இல்ல சார்" என்றாள். பக்கத்தில் இருந்தவள், "நானும்தான்" என்றாள். பிறகு ஒருவர் பேச்சை ஒருவர் முந்திக்கொண்டு, எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நப்ராக்கா நடுவில் உட்கார்ந்து ஒவ்வொருவர் முகமாகத் திரும்பித் திரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியர் நோட்டில் 'புதினா' என்று எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதத் தொடங்கினார்.

அன்றைக்கு ஷாஸ்லி கரையில் எங்களுக்காக வெகு நேரம் காத்திருந்தார்.